மூச்சை அடக்காதீங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)



போன மாசம் ரெண்டு வாரம் எபிசோடு வரலை. எங்கே போனீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அந்தமான் போயிருந்தேன். ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் கத்துக்க. நான், என் அக்கா, அக்கா வீட்டுக்காரர். அத்தானும் நானும் தண்ணிக்குள்ள, அக்கா கரையில் இளநீரோட. வரலாறு பேசுற நிகழ்ச்சியில் இந்தக் கதை எதுக்குன்னு நினைப்பீங்க. அங்கே ஒன்பது மீட்டர் ஆழத்தில் நடந்த ஒரு சின்ன சம்பவம் என்னைத் திரும்ப நம்ம ஊர்க் கடலுக்கே கொண்டுவந்து விட்டுருச்சு. அதுவும் இரண்டாயிரம் வருஷம் பின்னால.

ஸ்கூபா வகுப்பில் முதல் நாள், முதல் பாடம் ஒரே ஒரு வரிதான். தண்ணிக்குள்ள என்ன நடந்தாலும் மூச்சை அடக்காதீங்க. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. எங்க இன்ஸ்ட்ரக்டர் இதை மூணு தடவை சொன்னார். கரையில் உட்கார்ந்து கேட்கும்போது இதில் என்ன கஷ்டம்னு தோணும்.

ரெண்டாவது நாள் அத்தானோட மாஸ்க்குக்குள்ள தண்ணி ஏறிருச்சு. கண்ணு தெரியலை, மூக்கில் உப்பு. மனுஷன் பயந்துட்டார். பயந்தா உடம்பு ரெண்டு காரியம் செய்யும்: மூச்சை இறுக்கிப் பிடிக்கும், மேலே பாயப் பார்க்கும். ஸ்கூபாவில் அந்த ரெண்டும் சேர்ந்தா உயிருக்கே ஆபத்து. இன்ஸ்ட்ரக்டர் ஒரு கையால் அவர் ஜாக்கெட்டைப் பிடிச்சு நிறுத்திட்டார். நான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். மூச்சை விடுங்க, விடுங்கன்னு இன்ஸ்ட்ரக்டர் சைகை காட்டுறார். அஞ்சாறு விநாடி ஒண்ணுமே இல்லை. அப்புறம் அத்தான் வாயிலிருந்து கொத்தா ஒரு குமிழி வந்துச்சு பாருங்க, அதைப் பார்த்த நிம்மதியை என்னால் சொல்ல முடியாது.

அன்னைக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. ஒரே கேள்வி. மூச்சை அடக்கினா ஆபத்துன்னு சொல்றாங்க. நம்ம தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிச்சவங்க மூச்சை அடக்கித்தானே இறங்கினாங்க?

காசு குடுத்து முங்கப் போறியா?

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடி பக்கத்தில் கோவிலூர். கொற்றவாளீஸ்வரர் கோயில், வேதாந்தம் படிக்க ஆட்கள் தேடி வந்த கோவிலூர் மடம், ஒரு ஊருணி. மழை குறைஞ்ச பூமி. நான் நீச்சல் கத்துக்கிட்டது ஊருணியில்தான். அங்கே முக்குளிப்பான்னு ஒரு சின்னப் பறவை வரும். இங்கே முங்கும், எங்கேயோ எழும்பும். எங்கே எழும்பும்னு பந்தயம் கட்டுவோம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருப்பீங்க. தெருவிலிருந்து நல்லா உயர்த்திக் கட்டியிருப்பாங்க. ஏன்னு கேட்டா எங்க ஊர்ல ஒரு கதை சொல்வாங்க: முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவங்க, கடல் பொங்கினப்போ தப்பி வந்தவங்க, அந்தப் பயம் இன்னும் வீட்டுப் படியில் இருக்குன்னு. அதே ஆட்கள்தான் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் போனாங்க. 'கொண்டுவிக்கப் போறது'ன்னு அதுக்குப் பேர். எங்க அப்பத்தாவோட மாமனார் ரங்கூன் கடை ஒண்ணுக்குப் பெட்டியடிப் பையனா போனவர். எங்க வீட்டு முகப்பில் நிக்கிற நாலு தூணும் பர்மாத் தேக்கு.

ஆக, கடலைத் தாண்டுறது எங்களுக்குப் புதுசு இல்லை. கடலுக்குள்ள இறங்குறதுதான் புதுசு. ஸ்கூபா போறேன்னு சொன்னதும் அப்பத்தா கேட்டது இதுதான்:

"காசு குடுத்து முங்கப் போறியா? காசு வாங்கிக்கிட்டுல்ல முங்குவாக!"

அப்போ சிரிச்சுட்டுப் போயிட்டேன். ஹேவ்லாக்ல தூக்கம் வராம புரண்ட அந்த ராத்திரிதான் அது மறுபடி காதில் விழுந்துச்சு. இந்த எபிசோடே அப்பத்தாவோட அந்த ஒரு வரிக்கு உரைன்னு வெச்சுக்கோங்க.

அதே ஆழம், ரெண்டு மூச்சு

முதல்ல அந்த விதியைப் புரிஞ்சுக்குவோம். கடலில் பத்து மீட்டர் இறங்கினா அழுத்தம் இரண்டு மடங்காகும். மேலே மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இறங்குறவங்களோட நுரையீரலில் இருக்கிற காற்று அங்கே பாதியா சுருங்கும். திரும்ப மேலே வந்தா பழைய அளவுக்கு விரியும். கொண்டுபோன காற்றுதான் திரும்பி வருது, அதனால நுரையீரலுக்குச் சேதம் இல்லை.

ஸ்கூபாவில் கதை வேற. பத்து மீட்டரில் இருக்கும்போது, அந்த ஆழத்து அழுத்தத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுக்கிறோம். அதை அடக்கிக்கிட்டு மேலே வந்தா அது இரண்டு மடங்கா விரியப் பார்க்கும். நுரையீரலில் அதுக்கு இடம் இல்லை. கிழிஞ்சிரும். அதனாலதான் மூச்சை அடக்காதேங்கிறது முதல் விதி.

எனக்கு ஆச்சரியமா இருந்தது இன்னொண்ணு. நான் படிச்ச ஆரம்ப நிலைப் பயிற்சியில் அதிகபட்சம் 18 மீட்டர் வரைக்கும் இறங்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வளர்கிற பாறைத் திட்டுக்குப் 'பார்'னு பேர். நம்ம மீனவர்கள் ஆழத்தைப் பாகத்தில் அளப்பாங்க, ஒரு பாகம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். முத்துக்குளிச்ச ஆழம் பெரும்பாலும் அஞ்சு பாகத்திலிருந்து பத்து பாகம். அதாவது 9 மீட்டரிலிருந்து 18 மீட்டர். அத்தான் பயந்தது எங்கே தொடங்குச்சோ, என் சான்றிதழ் எங்கே முடியுதோ, அந்த அளவுக்குள்ளேதான் அவங்க முழு வாழ்க்கையும்.

நம்ம மொழியில் அதுக்குப் பேர் குளிக்கிறது. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல். மூழ்குறதுக்கும் குளிக்கிறதுக்கும் ஒரே சொல். கேட்கும்போது என்னமோ சுகமா இருக்கும். அது எப்படிப்பட்ட குளியல்னு இப்போ பார்க்கலாம்.

நள்ளிரவுப் படகு

1800-களின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் இதை நேரில் பார்த்து எழுதியவர்களில் ஜேம்ஸ் கார்டினர் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தருகிற சித்திரம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முத்துக்குளிக்கும் பருவத்துக்கு முத்துச்சிலாபம் என்று பெயர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள். நள்ளிரவில் பீரங்கி வெடிக்கும். அதுதான் புறப்படும் சைகை. நிலக்காற்றில் பாய் விரித்துப் போனால் விடியும்போது பாரை அடையலாம். மதியம் கடல்காற்று எழும்போது அதைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். ஒரு படகில் இருபதுக்கு மேற்பட்டவர்கள். அதில் மூழ்குபவர்கள் பத்துப் பேர், கற்கள் ஐந்து. ஐவர் இறங்கும்போது ஐவர் இளைப்பாறுவார்கள்.

மூழ்குபவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் பாதத்தை வைப்பார். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கல் அவரைக் கீழே இழுத்துச் செல்லும். அடியில் இறங்கியதும் கல்லை விட்டுவிடுவார், மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். கழுத்தில் தொங்கும் வலைக்கூடையில் கைக்குக் கிடைத்த சிப்பியெல்லாம் போகும். மூச்சு தீரும்போது கயிற்றை ஆட்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். மொத்தம் ஒரு நிமிஷம், சில நேரம் கொஞ்சம் கூட. இப்படி ஒரு காலைப் பொழுதில் நாற்பது ஐம்பது முறை. மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் ரத்தம் வருவது சாதாரணம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போ ஒரு காரியம் செய்வோம். வண்டி ஓட்டுறவங்க வேண்டாம், மத்தவங்க மூச்சை இழுத்துப் பிடிங்க. நான் ஐம்பது விநாடி பேசலை.

[ஐம்பது விநாடி மௌனம்]

விடுங்க. எத்தனை பேர் கடைசி வரைக்கும் இருந்தீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க. நான் முதல் தடவை முப்பத்தெட்டாவது விநாடியில் விட்டுட்டேன், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்துக்கிட்டு.

அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு கதை உண்டு. தென்கரையில் கயிறு பிடிக்க மச்சினனைத்தான் நிறுத்துவாங்களாம். பெண்டாட்டியோட கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்கு, அவன் அசந்து நிக்க மாட்டான்னு கணக்கு. ஸ்கூபாவிலும் தனியா இறங்கக் கூடாது, ஜோடி போட்டுத்தான் இறங்கணும். என் ஜோடி அத்தான். ஒன்பது மீட்டரில் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அந்த அஞ்சாறு விநாடி, நான் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்கிறது ஒண்ணுதான் தலைக்குள்ள ஓடுச்சு. கதையா இருந்தாலும், அதை உண்டாக்கினவங்களுக்கு ஆழம் தெரியும்.

பங்கு யாருக்கு?

இந்த வேலைக்கு எழுத்துச் சாட்சி எவ்வளவு பழையது? முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்' என்ற வணிகக் கையேடு கொற்கையின் முத்துக்குளிப்பைச் சொல்கிறது. பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்டது என்கிறது. அங்கே மூழ்குகிறவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் ஒரு சிறு குறிப்பு. கொற்கை முத்தைச் சங்கப் பாடல்கள் கொண்டாடுகின்றன. அதே முத்துக்காக ரோமாபுரிப் பணம் கிழக்கே போவதைப் பார்த்துப் பிளினி புலம்புகிறார்: இந்தியா, சீனா, அரேபியாவுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போகிறதாம். பாட்டு ஒரு பக்கம், புலம்பல் ஒரு பக்கம், நடுவில் அந்த ஒற்றை வரிக் குறிப்பு.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வருகிறார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறாவைக் கட்டும் மந்திரக்காரருக்கு என்று கணக்குச் சொல்கிறார். அந்த மந்திரக்காரருக்குத் தமிழில் கடல்கட்டி என்று பெயர். பல நூற்றாண்டு கழித்து வந்த ஆங்கிலேய அதிகாரிகள் மந்திரத்தை நம்பவில்லை. ஆனாலும் கடல்கட்டியை வைத்துக்கொண்டார்கள். அவர் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

1530-களில் தூத்துக்குடிக் கரையின் பரதவர்கள் போர்த்துகீசியர் பாதுகாப்பைத் தேடிக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542-இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. பிறகு ஆங்கிலேயர். இதற்கிடையே சேதுபதிக்கு உரிமைப் படகுகள், ஆற்காடு நவாபுக்கு உரிமைப் படகுகள். கொடி மாறிக்கொண்டே இருந்தது. கல்லும் கயிறும் மாறவில்லை. மூழ்கியவர்களில் பரதவர் மட்டும் இல்லை, கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் இலங்கைக் கரைக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுகளும் வந்தார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் கணக்கு இது: சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, மூன்றில் ஒரு பங்கு படகுக்கும் மூழ்கியவர்களுக்கும். கூலி கிடையாது, சிப்பிதான் கூலி. அதில் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். மூழ்கியவர்கள் தங்கள் சிப்பியைக் கரையிலேயே டஜன் கணக்கில் விற்றுவிடுவார்கள். லாட்டரி சீட்டு மாதிரி, நாலணா கையில் இருப்பவர்களும் வாங்குவார்கள்.

அவங்க ஏமாளிகள்னு நினைச்சுடாதீங்க. திரும்பும் வழியில் படகிலேயே சிப்பியைத் திறந்து நல்ல முத்தை ஒளிச்சு வெச்சுடறாங்கன்னு அதிகாரிகள் அறிக்கை அறிக்கையா புலம்பியிருக்காங்க. படகில் காவல்காரனை ஏத்திப் பார்த்தாங்க. அதுவும் முழுசா உதவலை.

மூன்று மாத நகரம்

இலங்கையின் வடமேற்குக் கரையில் மரிச்சுக்கட்டி என்று ஓர் இடம். மற்ற நாளில் மணலும் முள்ளும்தான். சிலாபம் வந்தால் ஆயிரக்கணக்கில் குடிசை, கச்சேரி, ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாம் முளைக்கும். சிலாபம் முடிந்தால் மறுபடி மணல். 1905-இல் அங்கே சுமார் 8 கோடி சிப்பி எடுத்தார்கள். அரசாங்கத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய்.

அடுத்த வருஷம், 1906-இல், அங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி ஒருவர் பெயர் லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் வர்ஜினியா வூல்ஃபின் கணவர். ராத்திரி பகல் பார்க்காமல் படகுகள் இறக்கும் சிப்பியைப் பங்கு பிரிக்க வைத்ததும், அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈயும் அவருடைய சுயசரிதையில் இருக்கின்றன. அழுகவிட்டால்தான் முத்தைப் பிரிக்க முடியும். கழுவி எடுத்த முத்தை விதவிதமான துளையுள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். உருண்டை, நிறம், ஒளி பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மேலான தரத்துக்கு ஆணிமுத்து என்று பெயர். இன்றைக்கும் நல்ல பிள்ளையை ஆணிமுத்து மாதிரி என்கிறோமே, அந்தச் சொல் இந்த நாற்றத்துக்கு நடுவிலிருந்து வந்தது.

வாங்க வந்தவர்களில் கீழக்கரை மரைக்காயர்கள், பம்பாய் வியாபாரிகள், செட்டி வணிகர்கள் எல்லாரும் உண்டு. அதாவது எங்க பக்கத்து ஆட்கள் நின்றது தராசுக்குப் பக்கத்தில். கயிற்றின் கீழ் நுனியில் நின்றது வேறு ஆட்கள். அப்பத்தாவின் வரியில் வருகிற அந்த 'காசு வாங்கிக்கிட்டு' முங்கியவர்கள்.

அந்த நல்ல வருமானத்தைப் பார்த்து இலங்கை அரசு பார்களை 20 வருஷக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனிக்கு விட்டது. வருஷக் குத்தகை 3,10,000 ரூபாய். ரெண்டு சிலாபம் நடந்தது, பிறகு பார்களில் சிப்பி இல்லை. 1912-இல் கம்பெனியையே மூடினார்கள். அதற்குள் ஜப்பானில் மிகிமோட்டோ வளர்ப்பு முத்து செய்யக் கற்றுக்கொண்டுவிட்டார். இயற்கை முத்தின் உச்சத்துக்கும் வீழ்ச்சிக்கும் ஓர் உதாரணம் சொல்றேன். 1917-இல் கார்ட்டியே நகை நிறுவனம் இரண்டு சரம் இயற்கை முத்து மாலையைக் கொடுத்து நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் ஒரு மாளிகையையே வாங்கியது. மாலையின் மதிப்பு அப்போது பத்து லட்சம் டாலர். 1957-இல் அதே மாலை விற்றது ஒன்றரை லட்சம் டாலர் அளவுக்குத்தான்.

1943-க்குப் பிறகும் ஒரு கல்

இப்போ சிலிண்டர் கதைக்கு வருவோம். 1943, ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்ஸ். பெட்ரோல் தட்டுப்பாடு. காரை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வு வடிவமைத்துக்கொண்டிருந்தார் எமில் காக்னான் என்ற பொறியாளர். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரைத் தேடி வந்தார். கேட்டால் மட்டும் காற்றைத் தரும் அந்த வால்வைத் தண்ணீருக்கேற்ப மாற்றினார்கள். அதுதான் அக்வாலங். நான் ஹேவ்லாக்கில் வாயில் கடித்துக்கொண்டிருந்த ரெகுலேட்டரின் பாட்டன். 1956-இல் கூஸ்தோவின் கடலடி ஆவணப்படம் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. உலகம் முழுக்க இளைஞர்களுக்குக் கடலடி ஒரு கனவு ஆனது.

அந்த வருஷம் தூத்துக்குடியில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? முத்துச்சிலாபம். 1955 முதல் 1961 வரை சுதந்திர இந்தியாவின் அரசு மேற்பார்வையில் நடந்தவைதான் அங்கே கடைசிச் சிலாபங்கள். கல், கயிறு, அடக்கிய மூச்சு. கான் விழாவில் கைதட்டிய அதே 1956-இல் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கிக்கொண்டிருந்தார். அதையொட்டிய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அதே பார்களைப் பார்க்க ஸ்கூபாவோடு இறங்கத் தொடங்கினார்கள். கருவி வந்தது. யார் முதுகில் முதலில் ஏறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1961-க்குப் பிறகு அங்கே சிலாபம் இல்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. சங்கு குளிக்கப் போகிறவர்கள் மட்டும் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

எங்க இன்ஸ்ட்ரக்டரும் ஒரு யானையும்

கடைசியா திரும்ப ஹேவ்லாக். 1857-இல் லக்னோவில் இறந்த ஓர் ஆங்கிலேயத் தளபதியின் பெயர் அது. 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவுன்னு பேர் மாறியிருக்கு. கடைக்காரங்க வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

அத்தானைக் காப்பாத்தின எங்க இன்ஸ்ட்ரக்டர் ஒரு கரேன் இளைஞர். கரேன் மக்கள் பர்மாக்காரங்க. 1925-இல் காடு வெட்டும் வேலைக்காக ஆங்கிலேயர் அவங்களை அந்தமானுக்குக் கொண்டுவந்து மாயாபந்தர் பக்கம் குடியேத்தினாங்க. எங்க தாத்தாக்கள் பர்மாவுக்குப் போனாங்க, உங்க தாத்தாக்கள் பர்மாவிலிருந்து வந்தாங்கன்னு சொன்னேன். சிரிச்சார். அவங்க தாத்தா மூச்சை அடக்கி முங்கி, சட்டைப் பொத்தான் செய்யற சிப்பி எடுத்தவராம். "எனக்கு மூச்சை அடக்காதேன்னு கத்துக்குடுத்தாங்க, அவருக்கு அடக்கத்தான் தெரியும்"னார்.

அப்புறம் ராஜன் கதை. நீந்துற யானை, இணையத்தில் படம் பார்த்திருப்பீங்க. மேலே கடல் நீலம், நடுவில் நாலு காலும் ஓடுற மாதிரி ஒரு யானை. 1970-களில் மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவந்த யானைகளில் ராஜனும் ஒண்ணு. தீவு விட்டுத் தீவு போகணும், அதனால நீந்தப் பழக்கினாங்க. மரம் வெட்டுறதுக்கு நீதிமன்றம் தடை போட்டதும் அந்த வேலை போச்சு. அதுக்கப்புறம் ஹேவ்லாக்கில் ராஜனோட நீந்த உலகம் பூரா இருந்து சுற்றுலாப் பயணிகள் வந்தாங்க. 2016-இல் இறந்துபோச்சு. வேலைக்காகக் கத்துக்கிட்ட நீச்சலை அடுத்தவங்க விடுமுறையில் வேடிக்கை பார்த்தாங்க. முத்துக்குளிச்சவங்க கதையும், எங்க இன்ஸ்ட்ரக்டரோட தாத்தா கதையும் அதுக்குள்ளே இருக்கிற மாதிரி எனக்குப் பட்டுச்சு.

ஸ்கூபா போகாதீங்கன்னு சொல்லலை. கண்டிப்பா போங்க. பதினெட்டு மீட்டர் கீழே, உங்க குமிழி உங்களுக்கே மேலே வெள்ளிக்காசு மாதிரி ஏறிப்போறதைப் பார்க்கிற சந்தோஷம் வேற எதிலும் இல்லை. ஆனா அங்கே தவணை முறையில் வரலை நமக்கு மூச்சு. இழுத்தா வருது, எவ்வளவு வேணுமோ அவ்வளவு. ஒரே ஒரு மூச்சைக் கையிருப்பா வெச்சுக்கிட்டு அதே இடத்தில் நின்னவங்க இருக்காங்க. வூல்ஃபோட பேர் இருக்கு, கூஸ்தோ பேர் இருக்கு, மிகிமோட்டோ பேர் இருக்கு. நான் படிச்ச கணக்குகளில், கல்லோட இறங்கின ஒருத்தர் பேரையும் நான் பார்க்கலை.

ஊருக்குத் திரும்பினதும் அப்பத்தாகிட்ட வீடியோ காட்டினேன். மீனையெல்லாம் பார்த்துட்டு, "மாப்பிள்ளை ஏன் கையைக் காலை ஒதறுறாக?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் எழுந்து போய்ப் பெட்டகத்தைத் திறந்து ஒரு தோடு எடுத்து வந்தாங்க. ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன முத்து, வெள்ளைன்னும் சொல்ல முடியாது, சந்தனம்னும் சொல்ல முடியாது.

"இது ரங்கூன் முத்தா அப்பத்தா?"

"ரங்கூனாவது! கீழக்கரை முத்து. என் மாமனாரு கீழக்கரைக்காரர்கிட்ட வாங்குனாக."

"முங்கி எடுத்தது யாரு?"

அதை யாரும் அவங்ககிட்ட கேட்டதே இல்லை போல. தோட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "வாங்குனவுக பேரு தெரியும், வித்தவுக பேரு தெரியும்"னாங்க. அத்தோட நிறுத்திட்டாங்க. ஒரு தோட்டில் பதினாலு முத்து. நான் எண்ணினேன்.

அடுத்த தடவை நீங்க எங்கேயாவது டைவ் போனா, கரை ஏறினதும் உங்க இன்ஸ்ட்ரக்டர்கிட்ட அவங்க தாத்தா என்ன வேலை செஞ்சார்னு கேளுங்க. நல்ல கதை கிடைச்சா எங்களுக்கு எழுதுங்க. உங்க வீட்டில் பழைய முத்து இருந்து, அதோட கதை தெரிஞ்ச பெரியவங்க இருந்தா, இந்த வாரமே போய்க் கேட்டுப் பதிவு பண்ணி வெச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், இழுங்க, விடுங்க. வணக்கம்.